இறக்கு என்று சொல்லாதவன்

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் எல்லாரும் அவனைக் கிரேன் என்றுதான் கூப்பிட்டார்கள். வாசல் நிலையில் குனிந்து நுழைய வேண்டிய உயரம். லாரியின் முன்சீட்டில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒல்லியான ஆளுக்குத்தான் இடம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியம்மா அவனை மேலும் கீழும் பார்த்து, "இனி ட்ராலிக்கு வேலையில்லை" என்றார். பெயர் அப்படி வந்தது.

அந்தக் கிரேன் ஒரு துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினால் நெஞ்சை யாரோ உள்ளேயிருந்து பிசைவதுபோல் இருக்கும். மூச்சு தொண்டையோடு நின்றுவிடும். கண்ணோரம் இருட்டும். இது புதிதாக வந்ததல்ல. பள்ளிக்கூடத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டபோது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். "இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு நடிக்கிறியா?" என்று விளையாட்டு வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டார். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு அவன் யாரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நோஞ்சானாக இருப்பவன் முடியவில்லை என்றால் பாவம் என்பார்கள். அவன் சொன்னால் சிரிப்பார்கள். வலியைவிட, வலி வெளியே தெரிந்துவிடுமோ என்ற கூச்சம்தான் அவனை அதிகம் ஆட்டிவைத்தது.

மறைப்பதில் கைதேர்ந்துவிட்டான். அவன் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, யாரும் அழைக்காத போனைக் காதில் வைத்து, "ஆமாங்க, சரிங்க, பார்த்துடலாங்க" என்பான். மூச்சு அடங்கியதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே போவான். மகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினால், "யாரு முதல்ல மேல போறாங்கன்னு பார்ப்போமா?" என்று அவளை ஓடவிட்டுவிட்டுத் தோற்றவன்போல் மெல்ல ஏறுவான். மனைவி அவனைச் சோம்பேறி என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். தண்ணீர் கேனைத் தானே தூக்கி வைத்துவிட்டு, "வீட்டுக்கு ஒரு தூண் கிடைச்சுதுன்னு எங்கப்பா சந்தோஷப்பட்டார். தூணேதான். நின்ன இடத்தைவிட்டு அசையாது" என்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சோம்பேறி என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது ஒருவகையில் சௌகரியமாகக்கூட இருந்தது.

கம்பெனியில் அவன் ஒளிந்துகொண்டது குச்சியின் பின்னால். குச்சி அவன் மனைவியின் தம்பி. அந்த வேலையை வாங்கித் தந்தவனும் அவன்தான். பெயருக்கேற்ற உடம்பு. ஆனால் ஒரு பீரோவை முதுகில் சாய்த்துக்கொண்டு ஒற்றை ஆளாக ஏறிவிடுவான். எந்த வீட்டுக்குப் போனாலும் கிரேன் முந்திக்கொண்டு கண்ணாடிச் சாமான்களைச் சுற்ற உட்காருவான், பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவான், லாரியில் எதை எங்கே அடுக்குவது என்று கை காட்டுவான். சுமப்பதெல்லாம் குச்சி. யாராவது கிண்டல் செய்தால், "மாமா மூளை, நான் முதுகு" என்று வாயை அடைத்துவிடுவான். மாமாவுக்கு உடம்பு வளையாது என்பது அவனுக்கும் தெரியும். அக்கா புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் சாமான்களைப் புது ஃபிளாட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. நான்காவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மற்ற ஆட்கள் வேறொரு வீட்டுக்குப் போயிருந்தார்கள். மேஜை நாற்காலிகளையும் பெட்டிகளையும் குச்சி ஏற்றி முடித்துவிட்டான். இரண்டு கதவு வைத்த ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் மிச்சம்.

படியில் கனமான சாமானை ஏற்றும்போது பாரமெல்லாம் கீழே நிற்பவன் மேல்தான் இறங்கும். அதனால் பலசாலி கீழே போவான். மேலே இருப்பவன் சாமானைச் சுற்றிக் கட்டிய பெல்ட்டை இழுத்துப் பிடித்து வழி காட்டுவான். யாருக்காவது முடியவில்லை என்றால் "இறக்கு" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால், எந்தப் படியில் இருக்கிறார்களோ அந்தப் படியிலேயே இரண்டு பேரும் வைத்துவிடுவார்கள். ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. முதலாளியம்மா புது ஆட்களுக்கு முதலில் சொல்லித்தருவதே அதைத்தான்.

குச்சி வழக்கம்போல் கீழே போனான். அதிகாரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, யானை மேலே, எலி கீழேயா?"

"எலிக்குத்தான் சார் சந்து பொந்து தெரியும்" என்று குச்சி சிரித்தான்.

கிரேனுக்குக் காது மடல் சுட்டது. ஃப்ரிட்ஜ் சுவரில் உரசிவிடக் கூடாதே என்று அதிகாரி அவர்களுக்கு முன்னால், ஒவ்வொரு படியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஏறினார்.

இரண்டாவது மாடியைத் தாண்டியதுமே பிசையத் தொடங்கியது. 'இறக்கு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அதிகாரி, "சுமக்கிற தம்பியே பேசாம வர்றார். உங்களுக்கு ஏன் இப்படிக் கொட்டுது?" என்றார். கிரேன் வாயை இறுக மூடிக்கொண்டான். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. மூன்றாவது மாடியில் அதிகாரி, கதவைத் திறந்து வைக்கிறேன் என்று விறுவிறுவென்று மேலே போய்விட்டார். இப்போது சொல்லியிருக்கலாம், கேட்க குச்சியைத் தவிர யாரும் இல்லை. இன்னும் ஒரு திருப்பம்தானே என்று நினைத்தான். இடது கை தோளிலிருந்து மரத்துக்கொண்டு வந்தது. பெல்ட் உள்ளங்கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பிறகு, அது இல்லை என்று தெரிந்தது.

ஃப்ரிட்ஜ் சறுக்கிய சத்தமும் குச்சியின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. திருப்பத்துச் சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் அவன் வலது கால் மாட்டியிருந்தது.

அதிகாரி ஓடி வந்தார். கீழே இரண்டு கதவுகள் திறந்தன. "என்னாச்சு? எப்படி விழுந்துச்சு?"

"அவனுக்குக் கால் தடுக்கிடுச்சு" என்றான் கிரேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாய் முந்திக்கொண்டது. ஆனால் மாற்றிச் சொல்ல நிறைய நேரம் இருந்தது. ஃப்ரிட்ஜை நகர்த்தும்வரை இருந்தது, ஆம்புலன்ஸ் வரும்வரை இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய அவனைப் பார்த்து, மச்சான் மேல் எவ்வளவு பாசம் என்று கீழ்வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வலியில் வெளுத்துப்போய்க் கிடந்த குச்சி கேட்டது ஒன்றுதான்.

"மாமா, உங்களுக்கு அடி ஏதும் படலையே?"

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். முதலாளியம்மா பார்க்க வந்தவர், கட்டிலருகே நின்று கடுகடுத்தார்.

"படியில ஏறும்போது கண்ணு எங்கடா இருந்துச்சு?"

"தெரியலம்மா. எங்க தடுக்குச்சுன்னே ஞாபகம் வரமாட்டேங்குது."

"கால் சரியானதும் ஆபீஸ்ல ஏதாவது பார்த்துக்கோ. கவனமில்லாதவனைப் படியில ஏத்த எனக்குத் தைரியமில்லை."

அக்காவும் தன் பங்குக்குத் திட்டினாள். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எல்லாவற்றிலும் அவசரமாம். குச்சி தலையை ஆட்டி ஒப்புக்கொண்டான். கட்டிலின் கால்மாட்டில் நின்ற கிரேன் தரையில் பதித்த கற்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்காவது ஒரு கல் பெயர்ந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது.

அதன் பிறகு அவன் குச்சிக்கு விழுந்து விழுந்து செய்தான். சாப்பாடு கொண்டுபோனான், துணி துவைத்தான், தலை வாரிவிட்டான், நகம் வெட்டிவிட்டான். "என் தம்பியை நானே இப்படிப் பார்த்துக்கிட்டதில்லை" என்று மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். முதன்முறையாகப் புருஷனைப் பற்றிப் பெருமையாகப் பேசினாள். அது அவனுக்கு நடுமுதுகில் சுளீர் என்று விழுந்தது. கம்பெனியிலும் ஒளிய ஆள் இல்லை. முதுகுவலி என்று சொல்லி லீவு போட்டான்.

குச்சியை எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போன காலையில்தான் குட்டு உடைந்தது. மருத்துவமனையின் பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு ஒரு நீளமான சாய்தளம் உண்டு. சக்கர நாற்காலியில் குச்சி, தள்ளுவது கிரேன். பாதி ஏறியிருப்பார்கள். நாற்காலி நின்றது.

"என்ன மாமா, போன் வந்துச்சா?"

குச்சி கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். கிரேன் கைப்பிடியைப் பற்றியபடி மண்டியிட்டிருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு நீலம். நாற்காலி பின்னால் உருளத் தொடங்கியதும் குச்சி சக்கரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் மாமாவின் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டு, "யாராவது வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கத்தினான். ஆட்கள் வந்து பிரித்து எடுக்கும்வரை அவன் அந்தக் காலரை விடவில்லை.

இதய மருத்துவர் ஒரு பெண். அதிர்ந்து பேசாதவர். முதலில் மாரடைப்பு என்றுதான் நினைத்தார்கள். எக்கோ எடுத்தார்கள், பிறகு ஸ்கேன். மருத்துவம் படிக்கிற மாணவர்கள் கூட்டமாக வந்து அவன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் மருத்துவர் ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து, அவனுக்கும் மனைவிக்கும் எடுத்துச் சொன்னார்.

"இதயம் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புது. அதுக்கும் சாப்பாடு வேணுமில்லையா? அதுக்குன்னு ரெண்டு ரத்தக்குழாய் இருக்கு. ரெண்டுமே நல்ல ரத்தம் வர்ற பெரிய குழாயிலேர்ந்துதான் கிளம்பணும். உங்களுக்கு இடது குழாய் இடம் மாறி, நுரையீரலுக்கு ரத்தம் போற குழாயிலேர்ந்து கிளம்பியிருக்கு. அம்மா வயித்துல உருவாகும்போதே அப்படித்தான்."

"அப்ப இத்தனை நாள்..." என்றாள் மனைவி.

"வலது குழாய் ஒண்ணே கிளை கிளையா வளர்ந்து ரெண்டு பக்கத்துக்கும் ஊத்தியிருக்கு. அதுலயும் ஒரு பங்கு இதயத்துக்குச் சேராம, இடது குழாய் வழியா நுரையீரல் பக்கமே வடிஞ்சு போயிடுது. சும்மா இருக்கும்போது எப்படியோ சமாளிக்கும். பாரம் தூக்கினா, படி ஏறினா, இதயம் பட்டினி கிடக்கும். இந்தக் குறையோட பிறக்கிற குழந்தைங்க, வைத்தியம் பார்க்கலைன்னா பெரும்பாலும் ஒரு வயசைத் தாண்டுறதே இல்லை. நீங்க இந்த வயசு வரைக்கும் வந்ததே அதிசயம்." அவர் பேனாவை மூடினார். "இதுக்கு முன்னாடி வலி வந்ததே இல்லையா?"

கிரேன் மனைவியைப் பார்க்காமல், "வரும்" என்றான்.

"எப்பலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்து."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

பதில் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்பதுதான் பதில்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் வார்டில் வருவோரும் போவோரும் ஆயிற்று. மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே" என்று மூக்கைச் சிந்தினாள். முதலாளியம்மா வந்து, "இப்படி ஒரு இதயத்தை வெச்சுக்கிட்டு எனக்கு உழைச்சிருக்கியேடா" என்று கண் கலங்கினார். பக்கத்துக் கட்டில்காரர்கூட அவனை ஏதோ வீரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒவ்வொருவர் மன்னிப்புக் கேட்கும்போதும் அவன் படுக்கையில் கூனிக் குறுகினான். சோம்பேறி என்று திட்டியபோதுகூட இவ்வளவு உறைத்ததில்லை. கை விட்டதற்குத்தான் நோய் பதில் சொல்லும். நாக்கு சொன்னதற்கு எந்த ஸ்கேனில் காரணம் தெரியப்போகிறது?

சிகிச்சைக்கு முந்தின நாள் மத்தியானம் குச்சி ஊன்றுகோல்களோடு வந்தான். மனைவி மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மருத்துவமனைக் காப்பி எவ்வளவு மோசம் என்பதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு குச்சி, போர்வையில் பிரிந்திருந்த ஒரு நூலைச் சுருட்டியபடி கேட்டான்.

"மாமா, அன்னிக்குப் படியிலயும் வலி வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்ப?"

"ரெண்டாவது மாடியிலேயே."

"இறக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அந்த ஆள் பார்த்துக்கிட்டே இருந்தார். கூச்சமா போச்சு."

குச்சி தலையாட்டினான். "சரி விடுங்க. வலியில கை நழுவினா நீங்க என்ன பண்ணுவீங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். குச்சி விட்டுத்தான் கொடுத்தான், எப்போதும்போல. கிரேன் எழுந்து உட்கார்ந்தான்.

"உனக்குக் கால் தடுக்கலைடா. நான் பெல்ட்டை விட்டேன். விட்டுட்டு, உனக்குத் தடுக்கிடுச்சுன்னு நான்தான் சொன்னேன்."

குச்சியின் விரலில் நூல் அப்படியே நின்றது. முதலில் புரியாதவன்போல் பார்த்தான். புரிந்த பிறகு அவன் குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது.

"நான் தினமும் அந்தப் படியை நெனைச்சுப் பார்ப்பேன் மாமா. எந்தக் கால் தப்பா வெச்சேன், வலதா இடதான்னு. ராத்திரி கண்ணை மூடினா அதேதான். இனிமே என்னை நம்பி யாரும் பாரம் கொடுக்க மாட்டாங்கன்னு நெனைச்சேன். அதுலயும், உங்களையும் சேர்த்துக் கீழ இழுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு வேற பயந்துக்கிட்டிருந்தேன்."



குச்சி ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போய் நின்றான். "அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க. நாளைக்கு ஆபரேஷன். அவ அழுதா வார்டே இடிஞ்சிடும். முடிஞ்ச பிறகு நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

மறுநாள் மார்பைத் திறந்து, இடம் மாறிய குழாயை அதன் வாயோடு வெட்டி எடுத்து, பெரிய குழாயில் சேர்த்துத் தைத்தார்கள். நாளெல்லாம் நடந்தது. குச்சி வெளியே பெஞ்சில் காலை நீட்டி வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தான் என்று பிறகு மனைவி சொன்னாள். கிரேன் கண் விழித்த சேதி வந்ததும் உள்ளே வராமல் வீட்டுக்குப் போய்விட்டானாம்.

தையல் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு கிரேன் மனைவியிடம் சொன்னான். காலை வேளை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள். "நான் அவனைத் திட்டும்போது நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பத்தியம் பார்த்தாள், கை கொடுத்து நடக்கவைத்தாள். ஆனால் வெகுநாள்வரை தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அவனும் சமாதானப்படுத்தப் போகவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தான்.

கம்பெனிக்கு நடந்து போகும் தெம்பு வந்ததும் முதலாளியம்மாவிடம் போனான். ஆட்கள் லாரியில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே வரச் சொன்னார். "இல்லைம்மா, இங்கேயே சொல்றேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். பாதியில் குரல் உடைந்தது, இருந்தாலும் முடித்தான். டேப் உருட்டை ஒருவன் கீழே போட்டுவிட்டு எடுக்காமல் நின்றான். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன்னை வேலையைவிட்டு அனுப்பணுமா வேண்டாமான்னு அவனைக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

குச்சி அனுப்ப வேண்டாம் என்றான். காரணம் எதுவும் சொல்லவில்லை. கால் கூடியதும் அவனைப் பழையபடி படிவேலைக்கே எடுத்துக்கொண்டார்கள்; வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பையும் அவனிடமே விட்டார்கள். நடையில் ஒரு சின்ன இழுப்பு தங்கிவிட்டது. கிரேனுக்கு மருத்துவர் மெல்ல மெல்லப் பாரம் தூக்க அனுமதி கொடுத்தார். மூச்சு முட்டாமல் மாடி ஏறுவது அவனுக்குப் புதிதாக இருந்தது. யாரோ இன்னொருவனின் உடம்பைக் கடன் வாங்கியதுபோல் இருந்தது. ஆனால் குச்சி அவனை வேறு ஆட்களோடுதான் அனுப்பினான். மாமா என்றுதான் கூப்பிட்டான், மரியாதையில் குறையில்லை. லாரியில் மட்டும் பின்னால் ஏறிக்கொள்வான்.

பல மாதங்கள் கழித்து ஆள் பற்றாக்குறையான ஒரு நாளில் இருவரும் ஒரே வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. வீட்டுக்காரப் பெண்மணி ஒரு கல்லூரியில் பாடம் நடத்துபவர், நல்ல மாதிரி. குச்சி நடப்பதைப் பார்த்து, "கால்ல என்ன தம்பி?" என்று விசாரித்தார்.

"படியில ஃப்ரிட்ஜ் விழுந்துடுச்சும்மா" என்றான் குச்சி.

அலமாரியின் மறுபக்கத்தில் நின்ற கிரேன், "நான்தாங்க விட்டேன். விட்டுட்டு இவன் மேலயே பழியைப் போட்டேன்" என்றான்.

 அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணி கொண்டு வரவா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

குச்சி அலமாரியின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று கிரேன் பதறினான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"போற வீட்டிலெல்லாம் இதைச் சொல்லிட்டே திரிவீங்களா மாமா? பேசாம லாரி மேல பெயின்ட்ல எழுதிடுவோமா?"

கிரேனுக்கு முகம் சிவந்து கழுத்துவரை சூடேறியது. தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, பிடிங்க" என்றான் குச்சி. "நீங்க கீழ போங்க."

கிரேன் பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழ்ப்படிக்குப் போனான்.